வண்டிக்கு அடியில் ரெண்டு சொட்டு

"இங்க வந்து பாரு, கியர் ஆயில் ஒழுகுது!"

கார் ஷெட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு அவன் கத்தினான். வண்டிக்கு அடியில், சிமெண்டுத் தரையில், சிவப்பாக ஒரு சொட்டு. பக்கத்திலேயே இன்னொன்று.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போ வண்டி இன்னிக்குக் கிளம்பாதுன்னு சொல்லுங்க."

"யார் சொன்னா? நானே மாத்திடறேன்."

தெருவில் அவனுக்கு 'நானே' என்றுதான் பெயர். குழாய் சொட்டினாலும் நானே, மின்விசிறி முனகினாலும் நானே. அந்தக் குழாயும் மின்விசிறியும் அப்புறம் என்ன கதி ஆயின என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்றைக்கு விஷயம் விளையாட்டில்லை. அப்பாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்பா குளித்து, சவரம் செய்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவரை அனுப்ப அவனுக்கு மனசே இல்லை. என்ன செய்வது? போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் தூங்கிப்போக, சமையலறைத் திரை தீப்பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்து, "இனிமே என்னால முடியாதுப்பா சாமி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவனே இல்லம் தேடினான், அவனே பேசி முடித்தான். அவளைக் கேட்கவில்லை. கட்டியவள் மனசு கட்டியவனுக்குத் தெரியாதா என்ன?

"எதுக்கு இவ்வளவு அவசரம்? நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றாள் அவள்.

குத்திக் காட்டுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. "இன்னிக்கே முடிச்சுக் காட்டறேன், பாரு!"

ஜாக்கியை வைத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். கியர்பாக்ஸின் அடிப் போல்ட்டைக் கழற்றினான். தொட்டியை வைத்தது ஒரு பக்கம், ஆயில் கொட்டியது இன்னொரு பக்கம். சட்டை, தலை, காது எல்லாம் சிவப்பு. எப்போதோ தள்ளுபடியில் வாங்கிப் போட்டிருந்த கேனை எடுத்துப் புது ஆயிலை ஊற்றினான். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். பத்தவில்லை. இன்னும் ஊற்றினான். அப்போதும் பத்தவில்லை. கேனையே கவிழ்த்தான்.

மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டியில், அதுவும் ஆறிப்போன ஆயிலில், அந்தக் கம்பி பொய்தான் சொல்லும். வண்டியோடு வந்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். புத்தகத்தைப் படித்தால் அப்புறம் அவன் என்ன 'நானே'?

வண்டியை இறக்கி இன்ஜினைப் போட்டான். அளவுக்கு மீறிப்போன ஆயில் நுரைத்துக்கொண்டு மேலே பொங்கி வழிந்தது.

"பாத்தியா? போல்ட் சரியா உக்காரலை!"

மறுபடி தூக்கினான். போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினான். மறை கழன்று போல்ட் சும்மா சுற்றியது. இப்போது அடியிலும் ஒழுக ஆரம்பித்தது. துணியைச் சுற்றி அடைத்தான். ஊறிப்போய் அதுவும் சொட்டியது.

அப்பா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "விட்டுடுடா. உடம்பெல்லாம் புண்ணாக்கிக்காத. ஒரு டாக்ஸி சொல்லிக்கலாம்."

"டாக்ஸியா? வேணாம்ப்பா. நானே கொண்டுபோய் விடறேன்!"

அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்து உள்ளே போனார்.

"முனையில இருக்கற ஸ்பேர் கடையில ஒரு பெரிய போல்ட் வாங்கிட்டு வா" என்று மனைவியை விரட்டினான்.

"அந்தக் கடைக்கா? நான் போகலைங்க." அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இதுகூடச் செய்ய மாட்டியா? யாருக்காக இந்தப் பாடு படறேன்?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் வண்டியை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, தரையில் கன்னத்தை வைத்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தான். வண்டிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் செருப்பு வந்து நின்றது. பக்கத்தில் பெட்டி. அவர் ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம்ப்பா! இதோ ஆச்சு!"

செருப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பெட்டி மேலே போயிற்று, செருப்பும் நகர்ந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்துக்கொண்டான்.

மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள். எந்த போல்ட் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாததால், கடைக்காரரே வாயில் எதையோ மென்றுகொண்டு பின்னால் வந்தார்.

"முனையில ஒரு டாக்ஸி போச்சுங்க. உள்ள மாமா மாதிரி இருந்துச்சு. மாமா எங்க?"

இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினான். கூடத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. அப்பாவின் போனுக்கு அடித்தான். கட்டில் தலைமாட்டில் மணி அடித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தான். சற்று நேரத்தில் அவன் போன் அடித்தது. முதியோர் இல்லம்.

"சார், உங்க அப்பா வந்து சேர்ந்துட்டாரு. பையன் வேலையா இருக்கான், தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு அவரே கையெழுத்துப் போட்டுட்டாரு."

மனைவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவனுடைய வேதனை கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நீ எதுக்கு அழறே? நீ கேட்டதுதானே நடந்திருக்கு!"

மென்றுகொண்டிருந்த கடைக்காரர் நிறுத்தினார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? 'மாமாவை அனுப்ப எனக்கு மனசில்லை, வண்டி கெட்டுப்போன மாதிரி இருந்தா இவர் விட்டுடுவாரு'ன்னு நேத்து என் கடையில நின்னு அழுது, தரையில விடறதுக்கு ரெண்டு சொட்டு கியர் ஆயில் வாங்கிட்டு வந்ததே இவங்கதானே!"