முதல்பாதியாரின் ஏழு மணிச் செபம்

என் நாட்குறிப்பில், தவக்காலத்தின் இரண்டாம் வாரப் புதன்கிழமைப் பக்கத்தில் இரண்டே வரிகள் இருக்கின்றன: "இன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பதில் சொன்னார். சுமாராகச் சொன்னார்."

இதை விளங்கிக்கொள்ள முதல்பாதியாரைத் தெரிந்திருக்க வேண்டும். மாத்தளை நகரத்தில் கூட்டம் கூட்டக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நின்ற நிலையில் ஒரு தெருவையே காலிசெய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் தன் வீட்டு கேட்டடியில் வந்து நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். தெருவில் நடந்து வந்தவர்களுக்குத் திடீரென்று கடையில் எதையோ மறந்துவிட்டு வந்தது ஞாபகம் வரும். நாய்கள்கூட எதிர்ப்பக்கம் போய்விடும்.

கத்தோலிக்க வீடுகளின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மாலையில் குடும்பமாக உட்கார்ந்து செபமாலை சொல்லும்போது 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் சிறு செபம் திரும்பத் திரும்ப வரும். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மற்றப் பாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்வார்கள். பத்துப் பத்தாக ஐந்து சுற்று. இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து முதல் பாதியைச் சொல்லி வந்தவர். மனைவி பதில் பாதியைச் சொல்லி வந்தார். மனைவி காலமான பிறகு பதிலுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. முதல் பாதி மட்டும் நிற்கவில்லை. பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. வைத்தது யார் என்று விசாரித்தேன். மூன்று பேர் உரிமை கோருகிறார்கள்.

அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது புறப்பட வேண்டும் என்று பார்த்து அனுப்புவது வேலை. ஒருநாள் வில்கமுவ பஸ்ஸைக் காலியாகவே அனுப்பிவைத்தார். பயணிகள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நேரம் வந்துவிட்டது, இவர் விசிலடித்துவிட்டார். டீக்கடையிலிருந்து வடையும் கையுமாக ஓடிவந்தவர்களில் அவருடைய சொந்த மைத்துனரும் ஒருவர். வில்கமுவைக்கு அன்று வேறு பஸ் இல்லை. மைத்துனர் அன்றிரவு இவர் வீட்டிலேயே தங்கி, இவரோடு ஒரு வார்த்தை பேசாமல், செபத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் படுத்தாராம்.

மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக மாற்றலாகி வந்த நான், அவர் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். மாடிப்படி அவருடைய ஹோலுக்குள்தான் இருந்தது. முதல் வாரமே மறித்துவிட்டார்.

"தம்பி, ஏழு மணிக்கு ஃப்ரீயா?"

"நான் சைவக்காரன் அண்ணே. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போறவன்."

"பஸ்ல ஏறுறவன்கிட்ட சமயமா கேக்கிறோம்? டிக்கெட் இருந்தா போதும்."

"எனக்கு அந்தச் செபமே தெரியாதே."

"தெரியாதவங்கதான் ஒழுங்கா சொல்லுவாங்க. தெரிஞ்சவங்க ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

ஆபீஸ் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டேன். மாடி இல்லாதவர்கள் பாடுதான் பாவம். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர், பார்சல் கொண்டுவந்தவர், பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்டவர் என்று எல்லாரும் அவருடைய ஹோலில் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எழும்பியிருக்கிறார்கள். தேர்தல் சமயத்தில் வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர், கும்பிட்ட கையை இறக்க வழியில்லாமல் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். தேர்தலில் அவர் தோற்றார். "மூணாவது சுத்துல போன் எடுத்தாரு தம்பி. அப்பவே தெரியும்" என்றார் முதல்பாதியார்.

எரிபொருளுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்ற அந்த நாட்கள்தான் அவருடைய பொற்காலம். வரிசையில் நிற்பவன் எங்கே ஓடுவான்? மண்ணெண்ணெய் கேனுடன் போய் நடுவில் நின்று, ஏழு மணிக்குத் தொடங்கிவிடுவார். இடத்தை விட்டு அசைந்தால் இடம் போய்விடும். ஆகவே ஆட்டோக்காரர்கள், ஆசிரியர்கள், ஒரு பேக்கரி முதலாளி எல்லாரும் நின்ற இடத்திலேயே முணுமுணுத்தார்கள். அந்த ஒரு மாதம் அவர் முகத்தில் இருந்த களையைப் பிறகு நான் காணவில்லை. தட்டுப்பாடு நீங்கியபோது நாடே மூச்சுவிட்டது. இவர் மட்டும், "இப்ப ஒருத்தனும் நிக்கிறான் இல்ல" என்று வருத்தப்பட்டார்.

விஷயம் பங்கு ஃபாதரின் காதுக்குப் போயிற்று. ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிந்திய வாரம் வீட்டுக்கு வந்தார். நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தனியா இருக்கிறவங்க ரெண்டு பாதியையும் தாங்களே சொல்லலாம். அதுல ஒரு குறையும் இல்ல" என்றார் ஃபாதர்.

"அது அவ பாகம் ஃபாதர்."

"நீங்க சொன்னாலும் கடவுள் கேப்பாருதானே?"

"அவரு கேப்பாரு. அவளோட பாகத்தையும் நானே சொல்லிட்டா, அவளுக்கு அங்க என்ன வேல இருக்கு?"

ஃபாதர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாகப் போகிறது. அன்று பதில் பாதியை அவரே சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே மகள் இத்தாலியில், ஒரு வயதான சீமாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அவரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். முதலில் வாட்ஸ்அப் அழைப்பு. இவர் சொல்லும் முதல் பாதி அங்கே போய்ச் சேர்ந்து, பதில் பாதி இங்கே வருவதற்குள் இவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். இரண்டும் நடுவழியில் மோதிக்கொள்ளும்.

"பிள்ள, நீ லேட்டா ஓடுற!"

"அப்பா, நெட்வேர்க் அப்படி!"

"நெட்வேர்க்குக்கு விசில் அடிக்க ஆள் இல்லையா அங்க?"

பிறகு மகள் பதில் பாதியை மட்டும் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். இவர் சொல்லி முடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். பதிவின் கடைசியில் அந்தச் சீமாட்டி இத்தாலிய மொழியில் எதற்கோ கோபப்படுவதும் சேர்ந்து வரும். ஒவ்வொரு செபத்துக்கும் ஒரு கோபம். ஒரு மாலைதான் அது நடந்தது. மறுநாள் போனை மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்குக் களைப்பு வராது தம்பி. பிள்ளையோட அம்மா நாலாவது சுத்துல தூங்கி விழுவா. நான் இருமுவேன். திடுக்கிட்டு முழிச்சி, விட்ட இடத்துல புடிப்பா. இது பாட்டுக்கு ஓடுது. இதுக்கு நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அன்றுதான் காரணத்தையும் சொன்னார். மனைவி கடைசியாகப் படுத்திருந்தபோது, ஏழு மணிக்கு இந்த வீடு சும்மா இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்றிருக்கிறார். "டைம் கீப்பர் சரின்னு சொன்னா சரிதான். பிரைவேட் பஸ்தான் ஆள் சேரும் வரைக்கும் நிக்கும். இது கவர்மெண்ட் பஸ்." பிறகு, "ஆனா கண்டக்டர் இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டுறது?" என்றார்.

யாரும் அகப்படாத நாட்களில் என்ன நடந்தது என்பது மாடியிலிருந்த எனக்குத்தான் தெரியும். முதல் பாதியைச் சொல்வார். பிறகு பேசாமல் இருப்பார். பதில் பாதியைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம். அந்த இடைவெளியில் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கும். பிறகு மறுபடி முதல் பாதி, மறுபடி அந்த இடைவெளி. ஐந்து சுற்றும் அப்படியே. ஒரு வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதை அளந்து பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது சுற்றில், என்னால் பொறுக்க முடியவில்லை. இறங்கி வந்து அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த செபப் புத்தகத்தை மட்டும் என் பக்கம் தள்ளினார். அதில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். முடிந்ததும், "கொஞ்சம் ஸ்பீட் கூட. ஆனா பழகிரும்" என்றார். இன்றைக்கும் அந்தச் செபத்தில் எனக்குப் பதில் பாதிதான் மனப்பாடம். முதல் பாதியைச் சொல்லச் சொன்னால் தடுமாறுவேன்.

சனிக்கிழமைகளில் நான் ஊருக்குப் போய்விடுவேன். அந்த நாளைப் பக்கத்து வீட்டு நானா பார்த்துக்கொண்டார். மிளகும் கறுவாவும் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி அவர்; அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். "எங்களுக்கும் ஜமாஅத்தோட தொழுதாத்தான் மனசு நெறையும் தம்பி. தனியா தொழுதா ஒரு மாதிரி. அண்ணன்ட கஷ்டம் எனக்கு வெளங்கும்" என்று சொல்லி, தன் கடையில் கணக்குப் பார்த்த கத்தோலிக்கப் பெண்ணைச் சனிக்கிழமை மாலைகளில் அனுப்பிவைத்தார். அந்தப் பெண் கல்யாணமாகிக் கண்டிக்குப் போன பிறகு சனிக்கிழமை மீண்டும் காலியாயிற்று.

அக்டோபர், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை மாதம். அந்த மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நல்ல மழை. கேட்டடியில் நின்று பார்த்திருக்கிறார். தெருவில் ஒருவரும் இல்லை. சந்தியில் மழைக்கு ஒதுங்கியவர்கள் யாராவது இருப்பார்கள் என்று குடையோடு நடந்திருக்கிறார். சாக்கடைக் கானுக்கு மேல் போட்டிருந்த கொங்கிரீட் பலகையில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

நானாதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர். ஆட்டோ புறப்படும்போது ஏழு மணி. முதல்பாதியார் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, வாய மூடிக்கிட்டு வாங்க. நோவு கூடும்" என்றாராம் நானா.

அவர் கேட்கவில்லை. முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். பதில் பாதி தெரியாத நானா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஓட்டிய சிங்களத் தம்பி பௌத்தன். பின்னால் யாரோ எதற்கோ காத்திருப்பது மட்டும் அவனுக்கு விளங்கியது. விகாரையில் பிக்குவுக்குப் பதில் சொல்வது போல "சாது, சாது" என்றான். முதல்பாதியார் சற்று யோசித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியே போனது. "நோவுலயும் சிரிச்சாரு தம்பி, நான் கண்ணால கண்டேன்" என்கிறார் நானா.

நான் திங்கள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் ஆறு மணியோடு முடிந்துவிடும். அதன் பிறகு ஒருவரையும் இருக்கவிடமாட்டார்கள். அவரை ஒரு பக்கமாகத் திருப்பி, சுவரைப் பார்த்தபடி படுக்க வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏழு மணிக்கு என்ன செய்றீங்க அண்ணே?"

"வழக்கம் போலத்தான்."

"பதிலுக்கு?"

"வருது."

"யாரு சொல்றாங்க?"

"தெரியாது தம்பி. பின்னால இருந்து வருது. சிங்களத்துல வருது. இடுப்பத் திருப்ப ஏலாதே, எப்படிப் பாக்கிறது?"

"நர்ஸம்மாக்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

"வேணாம்" என்றார் அவசரமாக. "கேக்கப் போயி நின்னுருச்சுன்னா?"

நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள். ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தூங்கினார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. மணி அடித்ததும் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை விடியற்காலையில் அவர் இறந்துவிட்டார்.

மகள் இத்தாலியிலிருந்து வரும்வரை காத்திருந்து அடக்கம் செய்தார்கள். அந்த மாலைகளில் ஏழு மணிக்கு வீடு கொள்ளாத கூட்டம். ஹோல் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, முற்றத்தில் குடைபிடித்துக்கொண்டும் ஆட்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கம் போன அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மகள் முதல் பாதியைத் தொடங்க, பதில் பாதி இடி மாதிரி வந்தது. நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எதையும் சரிபார்த்து எழுதுவது என் பழக்கம். ஆகவே அந்த வார்டுக்குப் போய் விசாரித்தேன். அந்த இரவுகளில் வேலையில் இருந்த தாதி, யாரும் பதில் சொல்லவில்லை என்கிறார். கிழவர் ஏதோ சொல்வார், நிறுத்துவார், பிறகு தொடர்வார், அவ்வளவுதான் என்கிறார். அதே வார்டில் வேலை செய்யும் சிற்றூழியர், பதில் வந்தது உண்மை, தன் காதால் கேட்டதாகச் சொல்கிறார். ஜன்னல் ஓரக் கட்டிலில், சிங்களக் கத்தோலிக்கர் வாழும் வஹகோட்டைப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார், அவராக இருக்கலாம் என்கிறார். ஆனால் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டதாகத் தாதிக்கு ஞாபகம். இருவரும் பொய் சொல்லக்கூடியவர்களாகத் தெரியவில்லை. ஞாயிறும் திங்களும் செவ்வாயும் அவருக்குப் பதில் வந்ததா, இல்லையா என்பதை இதை எழுதும் வரை உறுதிசெய்ய முடியவில்லை.

சிற்றூழியரை இரண்டாம் முறையும் வாசலில் காத்திருந்து கேட்டேன். "பதில் வந்துச்சு சார்" என்றார். அடுத்த வாரம் இன்னொரு முறை போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது.