நாளைக்கும் வாரேன்

துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், பேசத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். எனக்குப் பேசத் தெரியும். (பள்ளி நாடகத்தில் எமனுக்கு எடுபிடியாக நடித்துக் கைதட்டல் வாங்கியவன். ஒரு மனிதன் கெட அது போதும்.)

எண்பதுகளில் சங்கரன்கோவில் ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். சிவகிரி போகிற வழியில் ஒரு பழைய அரண்மனையில் டி.வி. நாடகம் எடுப்பதாகவும், ராஜா சாகிற காட்சி நடப்பதாகவும் சேதி வந்தது. வயிற்றுவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கூட்டத்தில் நிற்கவாவது கூப்பிடுவார்கள் என்று முகத்தில் பவுடர் வேறு.

அப்போது எனக்கு வாசுதேவநல்லூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அரண்மனை முற்றத்தில் பெரிய விளக்குகள் நின்றன. ராஜா வேஷக்காரர் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நடுவே பெஞ்சில் ஒரு பெரியவர் மாலையோடு கிடந்தார். (ராஜா இங்கே இருந்தால் கிடப்பது யார் என்று எனக்குத் தோன்றவில்லை. மந்திரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) தலைமாட்டில் ஓர் அம்மா அழாமல் வெறித்துக்கொண்டிருந்தார்.

கிட்டப் போய் உற்றுப் பார்த்தேன். "மூச்சு விடுததே தெரியலையே! நடிப்புன்னா இதுல்லா நடிப்பு!" என்றேன். அந்த அம்மாவிடம் குனிந்தேன். "ஒங்களுக்குத்தான் அழுகை சரியா வரலை. நல்லா வாய்விட்டு அழுங்க. நாளைக்கும் இதே சீன்தான? நாளைக்கும் வாரேன்."

துட்டி வீட்டில் எங்கள் பக்கம் யாரும் 'வாரேன்' சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம்.

ராஜா வேஷக்காரர் எழுந்து வந்து என் காதில், "தம்பி, ஷூட்டிங் கேன்சல். இவர் இந்த அரண்மனைக் காவல்காரர். காலையில இறந்துட்டார்" என்றார்.

ஓடிவிடலாம் என்று திரும்பினேன். வாசலில் மாலையோடு வந்துகொண்டிருந்தவர், எனக்குப் பெண் கொடுக்கவிருந்தவர்!

"மாப்ளே! எங்க அண்ணன் போன சேதி கேட்டு எங்களுக்கு முந்தி வந்துட்டியளே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அவருடைய அண்ணன் குடும்பத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டேன். அந்த அம்மா வாயைத் திறந்தால் என் கல்யாணம் அங்கேயே முடிந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா. மொத ஆளா வந்து எனக்கு ஆறுதல் சொன்னது அவியதான்" என்றார். அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினார். நானும் அழுதேன். பயத்திலா, வெட்கத்திலா, அவரைப் பார்த்தா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது. அந்த அம்மா எனக்குப் பெரிய அத்தையானார். அத்தை அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, என்னிடம்கூட.

சில வருடம் கழித்து என் அப்பா இறந்தார். கண்ணீரே வராமல் உட்கார்ந்திருந்தேன். துட்டிக்கு வந்த அத்தை, கிளம்பும்போது என் காதோரம் குனிந்தார்.

"மருமவனே, அழுகை சரியா வரலையே. நல்லா வாய்விட்டு அழுங்க. நாளைக்கும் வாரேன்."

சிரித்துவிட்டேன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியாது. மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சோடா வாங்க ஆள் ஓடியது. காரணத்தைச் சொல்லாமல் தப்ப முடியவில்லை.

அன்றிலிருந்து நான் எந்தத் துட்டிக்குக் கிளம்பினாலும் என் மனைவி, "ஷூட்டிங்கா நெசமான்னு கேட்டுட்டு உள்ள போங்க" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அத்தை இறந்த அன்று மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை. அங்கிருந்து எழுந்தபோது 'வாரேன்' என்ற வார்த்தை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.