அகக்கண் திறந்த பூனை

தைனான் நகரக் கோயில் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பூனை, நாய், கிளி எல்லாம் கூடையில் வந்திருந்தன. தூக்கி வந்தவர்களின் புத்திதான் வீட்டிலேயே தங்கிவிட்டது. கோ என்ற குரு விற்கும் சைவத் தீனி உருண்டையைத் தின்னும் பிராணி, மறுபிறவியில் மனிதனாகப் பிறக்குமாம். பூனைக்கும் அதுதான், கிளிக்கும் அதுதான். குருவுக்குப் பாரபட்சம் கிடையாது. முன்வரிசையில் இருந்த, சைவம் மட்டுமே சாப்பிடும் பக்தர்கள் புண்ணியத்துக்காகத் தாங்களும் இரண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பி-ஷியா அமாவாசை, பௌர்ணமிக்கு மட்டும் சைவம். அவள் பூனை துன்துன் மட்டும் வருஷம் முழுக்கச் சைவம், குருவின் உருண்டைதான். மகன் தைபேய்க்குப் போனபின் அவளுக்கிருந்த ஒரே துணை அதுதான். இப்போது அது கண் சரியாகத் தெரியாமல் நாற்காலிக் காலில் முட்டிக்கொள்கிறது.

பூனையைச் சோதித்த கால்நடை டாக்டர் ஃபாங் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பூனைக் கண்ணுக்கு வேண்டிய ஒரு சத்து இறைச்சியில்தான் கிடைக்கும். பூனைகளுக்கு விதவிதமாகத் தீனி போட்டு, மாதக்கணக்கில் ரத்தத்தையும் கண்ணையும் பார்த்துக் கண்டுபிடித்த விஷயம் அது என்று. பி-ஷியாவுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரையும் இழுத்துக்கொண்டு குருவிடமே வந்து அழுதாள்.

"புறக்கண் மூடினாத்தாம்மா அகக்கண் திறக்கும்" என்றார் குரு. மூன்று கிண்ணங்களை வைத்தார். இரண்டில் கடைத் தீனி, ஒன்றில் உருண்டை. துன்துன் நேரே உருண்டைக்குப் போயிற்று. "தனக்கு எது சத்துன்னு அதுக்கே தெரியுது பாருங்க." கூட்டம் கைகூப்பியது. பி-ஷியாவும் கூப்பினாள்.

டாக்டர் உருண்டைக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். குரு கழற்றி வைத்திருந்த செருப்பில் ஒன்றை எடுத்து, கிண்ணத்துக்குள் உதிர்ந்து கிடந்த தூளில் புரட்டி, கிண்ணம் இருந்த இடத்தில் வைத்தார். துன்துன் கடைத் தீனியைத் தாண்டிப் போய்ச் செருப்பை நக்கியது.

"குருவே, உங்க செருப்புதான் சத்துன்னு சொல்லுது. நாளையிலேருந்து அதையும் விப்பீங்களா?" பிறகு பி-ஷியாவிடம் திரும்பினார். "உருண்டையில துளி கருவாட்டுப் பொடி கலந்திருக்காங்கம்மா, கண்ணுக்கு அது பத்தாது. பூனை அந்த வாசனைக்கு வருது. நாக்குக்குப் பிடிச்சது வேற, உடம்புக்கு வேண்டியது வேற."

முன்வரிசை காறித் துப்பியது. பூனையின் பார்வை கெட்டதற்கு வராத கோபம் கருவாட்டுக்கு வந்துவிட்டது. குரு ஒற்றைச் செருப்போடு நழுவினார்.

போன பார்வை வராது, இருப்பதையாவது இறைச்சி போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பி-ஷியா பூனையை அள்ளிக்கொண்டு விம்மினாள். அப்போது ஒருவர், குரு ஏமாற்றினாரா இல்லையா என்று எதற்கும் சாமியையே கேட்டுவிடலாமென்று, குறி பார்க்கும் பிறைக் கட்டைகளை உருட்ட எடுத்தார்.

அவள் அவற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "கண்ணு போனது என் பூனைக்கு. உங்க கண்ணுக்கு என்ன கேடு?"