தொண்ணூற்றாறுக்கும் நூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவே

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டே கால். நீயும் அத்தானும் நலம், உன் முழங்கால் வலி குறைந்துவிட்டது, உன் நூலகத்தில் எல்லோரும் புத்தகங்களை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், அதாவது உடம்பளவில். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கு அழுகை வரும், அதனால்தான் காகிதம்.

உன் செல்லத்தை, அதான் என் மகளை, பள்ளியில் சேர்த்தபோது ஒரு படிவம் கொடுத்தார்களே, அதில் ‘தாயாரின் பொழுதுபோக்கு’ என்ற இடத்தில் நான் ‘நாவல் வாசிப்பு’ என்று எழுதிவைத்தேன். பொய்யில்லை, கல்லூரி விடுதியில் நான் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவள்தான். அதற்குப் பிறகு மருந்து பாட்டில் லேபிளைத் தவிர எதையும் முழுசாகப் படித்ததில்லை என்பதைப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை. இப்போது ஏழாம் வகுப்புக்கு ஒரு முழு நாவலை வகுப்பிலேயே வைத்துப் பாடம் நடத்தப் போகிறார்களாம். எதை நடத்துவது என்று முடிவு செய்ய ஒரு குழு. தலைமையாசிரியை, தமிழாசிரியர், ஒரு வக்கீலம்மா, ஒரு பல் டாக்டர், ஒரு கட்டட இன்ஜினியர், பழைய படிவத்தின் புண்ணியத்தில் நான். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகச் சுற்றும். படித்து முடித்தவர் அட்டைக்குள் ஒட்டிய தாளில் ஒரு வரி கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் ஐந்து நாவல். முதலாவதில் பொய் சொன்ன பிள்ளைக்குத் தண்டனையே இல்லை என்று வக்கீலம்மா எதிர்த்தார். இரண்டாவதில் அப்பா அடிக்கடி அழுகிறார் என்று இன்ஜினியருக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாவதில் நாய் செத்துப்போகிறது. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான்காவதில் அத்தியாயத்துக்கு ஒரு நீதி; அதை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை, விரும்பவும் இல்லை. மிச்சம் இருந்தது, கலங்கரை விளக்கத்து வீட்டில் ஒரு பெண்ணும் அவளுக்குப் பிடிக்காத சித்தியும் வாழும் கதை. தமிழாசிரியர் மாணவராக இருந்தபோது மூன்று தடவை படித்தாராம். என் கைக்கு வரும்போது வக்கீலம்மா ‘ஆட்சேபணை இல்லை’ என்றும், இன்ஜினியர் ‘அஸ்திவாரம் உறுதி’ என்றும், பல் டாக்டர் ‘நடுப்பகுதி மிகவும் விறுவிறுப்பு’ என்றும் எழுதியிருந்தார்கள். நான் அறுபது பக்கம் படித்தேன், கடைசி இரண்டு பக்கம் படித்தேன், ‘பாத்திரங்களின் படிப்படியான வளர்ச்சி அருமை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு அந்தப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தேன். திட்டாதே. நீ நூலகர் என்பது நினைவிருக்கிறது.

இதற்கிடையில் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தோழிகள் எனக்கு ‘நாவல் ஆன்ட்டி’ என்று பேர் வைத்துவிட்டார்களாம். “நீ ஏம்மா ஸ்கூலுக்கெல்லாம் வர்ற?” என்று கேட்டதுதான் கடைசி முழு வாக்கியம். அதன் பிறகு இருபத்துநாலு நாளாக எல்லாவற்றுக்கும் ‘ம்’. இவரிடம் சொன்னால், “விடு, பன்னெண்டு வயசு” என்கிறார், என்னவோ அது ஜலதோஷம் மாதிரி. அப்படிப்பட்டவள், ஒரு நாவலையும் இருபது பக்கம் தாண்டாதவள், அட்டையில் வட்டமாகக் கறை விழுந்திருக்கிறதே என்று அந்தப் புத்தகத்தை இழுத்திருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றாள்.

“அம்மா, கண்ணாடி எப்படி வந்துச்சு?”

“எந்தக் கண்ணாடி?”

“சித்தியோட மூக்குக் கண்ணாடி. தொண்ணூத்தாறாம் பக்கத்துல அந்தப் பொண்ணு அதைக் கிணத்துல தூக்கிப் போட்டுட்டா. அடுத்த பக்கம் நூத்திப் பதிமூணு. ரெண்டு பேரும் படகுல உக்காந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. சித்தி மூக்குல அதே கண்ணாடி. நடுவுல பதினாறு பக்கமே இல்லம்மா.”

வாங்கிப் பார்த்தேன். கிழிந்த தடயம் இல்லை, தையல் கெட்டியாக இருக்கிறது. தைக்கும்போதே அந்தப் பதினாறு பக்கத்தையும் சேர்க்காமல் விட்டுவிட்டிருக்கிறார்கள். பல் டாக்டருக்கு விறுவிறுப்பாக இருந்த நடுப்பகுதியே கிடையாது, அக்கா.

“நீ படிச்சப்ப கவனிக்கலையா?” என்று கேட்டாள். அங்கேதான் என் நாக்கு என்னைக் கேட்காமல் வேலை செய்தது. “நான் இதைக் காலேஜ்லயே படிச்சிட்டேன்டி, அது முழுப் புத்தகம்” என்றேன். “அப்ப சொல்லு” என்று துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, சித்தி ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டாள் என்று அளந்தேன். “காய்ச்சல்னா கஷாயம் குடுப்பாங்க. அதுக்கு யாரும்மா படகுல போய் சிரிப்பாங்க?” என்றாள். நியாயம்தானே? மறந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். இப்போது வீடே இதுதான். வாளியோடு மேலே வந்திருக்கும் என்கிறார் இவர். ஞாயிற்றுக்கிழமை நான்கு தோழிகள் வந்து கூடத்தில் சண்டை போட்டார்கள்; வேறு கண்ணாடி என்று ஒருத்தி சொன்னதும், “இல்லடி, காதுக் கம்பியில நூல் சுத்தியிருக்குன்னு தொண்ணூத்தாறுலயும் போட்டிருக்கு, நூத்திப் பதிமூணுலயும் போட்டிருக்கு” என்று நம்மவள் படித்துக் காட்டினாள். வக்கீலம்மா தோற்றார் போ. எனக்கும் தூக்கம் போய்விட்டது. கண்ணாடியை விடு, அவ்வளவு வெறுப்பிலிருந்து அவ்வளவு சிரிப்புக்கு இரண்டு பேர் பதினாறே பக்கத்தில் எப்படிப் போனார்கள்?

நான் கேட்பது இதுதான். வெள்ளிக்கிழமை இறுதிக் கூட்டம். நான் உண்மையைச் சொன்னால் ஆறு பேருக்கும் வெட்கம். அந்த வெட்கத்தில் எல்லோருமாக நீதி நாவலைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அதைவிட, நான் படிக்கவில்லை என்று இவளுக்குத் தெரிந்தால் மறுபடியும் ‘ம்’. உன் நூலகத்தில் இந்த நாவல் நிச்சயம் இருக்கும். பேரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அந்தப் பதினாறு பக்கத்தையும் நகலெடுத்து, என் பேருக்கு, இவள் கண்ணில் படாமல் அனுப்பிவை. எனக்கு நினைவு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு எங்கள் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தடவ மறக்காதே. உன் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மேலே கேட்டதை அனுப்பாதே. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுக் கடிதத்தையும் படித்துவிட்டாள். எந்த நாவலையும் இருபதாம் பக்கத்தில் விட்டுவிடுபவள், இதில் ஒரு வரி விடவில்லை.

“நீ படிக்கவே இல்லையா?” என்றாள்.

“அறுபது பக்கம். அப்புறம் கடைசி ரெண்டு.”

“காலேஜ்ல?”

“அட்டையைக்கூடப் பாத்ததில்ல.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ‘படிப்படியான வளர்ச்சி’ என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், அக்கா. இவர் எழுந்து வந்து என்ன சத்தம் என்று கேட்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, “அம்மா, அந்தச் சித்தியும் ஏதோ ஒண்ணை ஒத்துக்கிட்டிருப்பா. அதான் படகுல அப்படிச் சிரிக்கிறாங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போது பல் டாக்டர் முகம் எப்படிப் போனது என்று வந்து சொல்ல வேண்டும் என்பது அவள் நிபந்தனை. ஆனால் கண்ணாடி கிணற்றிலிருந்து எப்படி வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் புரியவில்லை. நீ படித்துப் பார்த்து, அதை மட்டும் ஒரு சின்னத் தாளில் எழுதி, மடித்து ஒட்டி, அவள் பேருக்கே அனுப்பு. எங்கள் ஊகத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் பிரிப்போம். சீக்கிரம் பதில் போடு, அக்கா.