அந்தரங்கம் காத்த தண்டோரா

அந்தரங்கத்தைக் காப்பதில் நம் சர்க்காரை மிஞ்ச ஈரேழு பதினாலு உலகத்திலும் ஆள் கிடையாது. நம்பாதவர்கள் சேரப்பணஞ்சேரி தசரதனைக் கேட்கலாம்.

எண்பத்தொன்றாம் வருஷம் அந்தப் பக்கத்தில் 'பிறவிக் குறைப் பதிவேடு' உதயமாயிற்று. குறையோடு பிறந்த குழந்தைகளின் பெயர் அதில் ஏறும். பெற்றவர்கள் வேண்டாம் என்றால் ஏறாது. இந்தப் பெருந்தன்மை வேறு எந்த தேசத்தில் உண்டு?

தசரதனின் கைக்குழந்தைக்கு மேலுதடு பிளந்திருந்தது. தங்கை காந்திமதிக்கோ மணிமங்கலத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் காதில் விழுந்தால் 'பரம்பரைக் கோளாறு' என்று தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தசரதன் பதிவேட்டு அதிகாரி வரதராஜுலுவின் முன்னால் போய் நின்றான்.

"எங்க கொயந்த பேரு அதுல வாணாம் சார்."

"பேஷா. அது உன் உரிமை. ஆனா யாருக்காவது ஆட்சேபணை கீதான்னு கேக்கணும் இல்ல?"

"எங்க கொயந்த உதட்டுக்கு எவன் சார் ஆட்சேபணை சொல்லப் போறான்?"

"அதைத்தான் கேக்கப் போறோம். ஒரு ஜப்திக்கே தண்டோரா போடறோம். உரிமைன்னா சும்மாவா?"

தசரதன் குரலைத் தாழ்த்தினான். "கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க சார்."

"மெதுவா அடிச்சா செல்லாதுப்பா."

மறுநாள் தலையாரி மண்ணாங்கட்டி தண்டோரா போட்டார். "சேரப்பணஞ்சேரி தசரதன் கொயந்தைக்கு மேலுதடு பொளந்துகினு கீது. இது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவரு கேட்டுக்கினாரு. ஆட்சேபணை உள்ளவங்க ஆபீசுக்கு வந்து சொல்லலாம்." சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே மணிமங்கலத்துக்கும் போனார். சம்பந்தி வீட்டு வாசலில் நல்ல நிழல் இருந்ததால் அங்கே கொஞ்சம் நின்றே அடித்தார்.

ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. தாம்பூலத் தட்டுதான் திரும்பி வந்தது. காந்திமதி அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தசரதன் நேராக ஆபீசுக்குப் போனான். வரதராஜுலு அவனைக் கூப்பிட்டுப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். சொன்ன சொல் தவறவில்லை. குழந்தையின் பெயர் மருந்துக்கும் இல்லை.

அடுத்த மாசம், பிளந்த உதட்டைக் காசு வாங்காமல் தைத்துவிடும் டாக்டர் ஒருவர் பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்தார். சேதி கேட்டுத் தசரதன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது, புழுதி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"இந்த ஊர்ல அந்த மாதிரிக் கொழந்தை உண்டான்னு டாக்டர் கேட்டாரு," என்றார் வரதராஜுலு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நான் மூச்சு விடலையே."

சுற்றுவட்டாரத்தில் நண்டு சிண்டு வரைக்கும் தெரிந்த அந்த அந்தரங்கம், தையல் போடத் தெரிந்த ஒரே மனிதரிடமிருந்து கடைசிவரை காப்பாற்றப்பட்டது.