மூன்றாவது குழாயின் சோம்பேறித்தனம்

மௌனத்துக்காகப் பத்துக் கூட்டம் போட்டு வாய் கிழியப் பேசிய அலுவலகம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். அத்தனைக்கும் குறிப்பெழுதிய பாக்கியம் என்னுடையது.

வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி. அதில் மிஞ்சும் தண்ணீர் குழாய் வழியே கீழ்த் தொட்டிக்கு இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டாரில் மறுபடி மேலே ஏறும். இறங்கும்போது 'கொளக் கொளக்' என்று சத்தம். மீன்களுக்கு ஆட்சேபணை இல்லை. பக்கத்து அறை மேனேஜருக்கு இருந்தது. சிந்தனை கலைகிறதாம். அப்படி ஒன்று அவரிடம் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பிளம்பர் அண்ணன் பதினோரு வருஷமாகத் 'தற்காலிக' ஊழியர். சத்தமும் வரக்கூடாது, ஒரு சொட்டும் சிந்தக்கூடாது, தொண்ணூறு நாள் தாண்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார் மேனேஜர். மனுஷன் மூன்று குழாய் வைத்தார். முதல் குழாயில் காற்றே புகாமல் தண்ணீர் நிறைந்து இறங்கும்; அதனால் சத்தமில்லை. மிச்சம் மீதி இரண்டாவதில் நூலாக வழியும். மூன்றாவது காய்ந்தே நிற்கும். அந்த இரண்டும் அடைத்துக்கொண்டால் மட்டும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். சத்தம் அடியோடு நின்றது. மேனேஜர் சிந்திக்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை.

ஒன்பதாவது கூட்டத்தில் 'செயல்திறன் ஆய்வு'. எண்பது நாளாக மூன்றாவது குழாய் ஒரு துளி வேலைகூடப் பார்க்கவில்லை என்று உதவி மேனேஜர் வரைபடம் போட்டுக் காட்டினார். சும்மா இருப்பவர்களைச் சகித்துக்கொள்வதை எல்லோரும் கடுமையாகக் கண்டித்தார்கள், சாய்ந்து உட்கார்ந்தபடியே.

பிளம்பர் அண்ணன் எழுந்தார். "சார், வேலை இல்லாம நிக்கிறதுதான் சார் அதோட வேலை. அதை மூடினீங்கன்னா என்னைக்காவது தண்ணி வெளியதான் வரும்."

அதையும் ஒரு எழுத்து விடாமல் குறிப்பில் எழுதினேன். குழாய்க்கு மூடி போடத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எண்பத்தாறாம் நாள் ஒரு நத்தை ஊர்ந்து போய் முதல் குழாயின் வாயில் உட்கார்ந்தது. செடியிலிருந்து அறுந்த இலை இரண்டாவதில் போய் ஒட்டியது. தண்ணீர் விளிம்பு தாண்டி, மேனேஜர் அறைக் கம்பளத்தை மிக மரியாதையாக, சத்தமே இல்லாமல் அடைந்தது.

பத்தாவது கூட்டம் விசாரணை. "இவர் முன்னாடியே எச்சரிச்சாரா? குறிப்புல இருக்கா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைத்தான் பார்த்தார். நோட்டு என் கையில். பக்கத்தைப் புரட்டினேன். புரட்டிக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது இருந்த பக்கமும் தாண்டிப்போனது.

'போதிய சத்தத்துடன் எச்சரிக்கத் தவறினார்' என்று முடிவானது. ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்த அண்ணன் என் மேசை அருகே நின்றார்.

"விடுங்க சார். உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தக் கட்டடத்திலேயே ஒரு சின்னச் சத்தமும் இல்லாமல் வேலை பார்த்தது அந்த முதல் குழாய்தான் என்று எல்லோரும் இன்னும் புகழ்கிறார்கள். தப்பு. அது நான்.