நீலக் கட்டக் கொள்கை

சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நூலகரின் மடியில், உலர்ந்த துணிகளை மடித்து மடித்து அடுக்கினாள் மனைவி. மூன்றாவது தலையணை உறையை வைத்தபோதுதான் அடியில் ஆள் இருப்பது தெரிந்தது.

"இங்கயா இருக்கீங்க? ஒரு இருமலாவது இருமக் கூடாதா?"

"நீ அடுக்கற அழகைப் பாத்துட்டிருந்தேன்" என்றார் நூலகர்.

மனைவி மேல் குற்றமில்லை. சோபா உறை, ஜன்னல் திரை, தலையணை உறை, நூலகரின் சட்டை எல்லாமே ஒரே துணி. இளநீலத்தில் சாம்பல் கட்டம். ஒரு ஆலையை மூடும்போது கழித்துக் கட்டிய துணியில் ஒரு முழு மூட்டையை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்திருந்தார். அதில் அவருக்கு ஐந்து சட்டை. ஐந்தும் அச்சு அசல் ஒன்றே. எதைப் போடுவது என்று காலையில் யோசிக்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அலமாரியில் கையை விட்டால் போதும்.

அவரைக் கஞ்சன் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அவர் கண்டுகொள்ளவில்லை. கஞ்சன் பூட்டி வைப்பவன், தான் அந்த ஜாதியில்லை என்பது அவர் கட்சி. உலகத்தில் இருக்கும் சாமான்களே உலகத்துக்குப் போதும், மேலே மேலே செய்து குவிக்க வேண்டியதில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஊரே படிக்கிறது, ஒரு ஏணியில் ஊரே ஏறக் கூடாதா? அவர் வீட்டில் ஏணி கிடையாது. இஸ்திரிப் பெட்டி கிடையாது. படிக்கிற பேப்பர்கூட நூலகத்தின் நேற்றைய பேப்பர். செய்தி ஒரு நாளில் ஊசிப்போகாது என்பார். இப்படி மிச்சம் பிடித்துத்தான் மகளைப் படிக்கவைத்தார். கடன்காரன் என்று ஒருவன் அவர் வீட்டு வாசலில் நின்றதில்லை. அதில் அவருக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

சமீப காலமாக இன்னும் நிமிர்ந்துவிட்டது. காரணம், அவருடைய கொள்கை பரவிக்கொண்டிருந்தது.

முதலில் வரி அலுவலகத்து வரிசையில் ஒரு கட்டட காண்டிராக்டரைப் பார்த்தார். இளநீலத்தில் சாம்பல் கட்டம். அப்புறம் வங்கி மேலாளரின் அறை வாசலில் ஒருவர், அதே துணி. குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நிற்கும் நகைக்கடைக்காரர் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தபோது, அவர் உடம்பிலும் அதே கட்டம். நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. 'தேவையும் ஆசையும்' என்று நூலகத்தில் அவர் பேசியபோது கேட்டவர்கள் நாலே பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். ஆனால் வார்த்தை எப்படியோ வேலை செய்திருக்கிறது.

"நான் சொல்லல? நல்ல விஷயம் தானா பரவும்" என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னார்.

"அந்த மில்லுல நம்மளுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்திருக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

இப்போது அவள் துணிகளை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு நகர, மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண். கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். பையனின் அப்பா பெரிய மரச்சாமான் கடை முதலாளி.

"அப்பா, நாளைக்கு அவங்க வீட்லேர்ந்து வர்றாங்க."

"வரட்டுமே. நல்லா பேசிடலாம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு மட்டும் வேற சட்டை போட்டுக்கோங்க."

"இதுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. ஆனா நீங்க இந்தச் சட்டையோட இந்த சோபால உட்காந்தா அவங்க உங்களத் தேடணும்ப்பா."

"சட்டையப் பாத்து சம்பந்தம் பண்றவங்களா இருந்தா நமக்கு வேண்டாம்மா" என்றார் நூலகர், கொஞ்சம் கம்பீரமாக.

மகள் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்தே அவள் அடம் பிடித்ததில்லை. கிழிந்த பையைத் தைத்துக் கொடுத்தால் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்று கேட்கிறாள். நூலகர் பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி. ஒரு நாள்தானே" என்றார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அவரிடம் வேறு சட்டையே இல்லை. ஒரு நாள் கூத்துக்குப் புதிதாக ஒன்று வாங்குவதா? அது நடக்காது. ஆனால் இரவல் வாங்கலாம். எடுத்துப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுப்பது நூலக தர்மம். அவர் நேராகக் கீழே இறங்கினார்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சலவைக்கடை. அதை நடத்துகிற பெண்மணியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். எதிர்ப்பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்தும் அவளிடம் துணி வரும். நூலகரின் சட்டைகளைத் தேய்த்துத் தருவதும் அவள்தான், அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. "உங்க சட்டைக்குக் காசு வாங்கினா எனக்கு அடுக்காது சார்" என்பாள். கொள்கைக்கு அவள் செய்யும் மரியாதை என்று நூலகர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"ஏம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஒரு நல்ல சட்டை இரவலா கிடைக்குமா?"

நூலகர் கூச்சத்தோடு கேட்டார். இப்படி ஒரு கோரிக்கைக்கு அவள் திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "என்ன மாதிரி வேணும்? பெரிய மனுஷன் மாதிரியா, ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரியா?" என்று கேட்டுவிட்டுக் கம்பியில் தொங்கிய ஒரு கரும்பச்சைப் பட்டுச் சட்டையை இறக்கினாள். பொத்தான்கள் தங்க நிறத்தில் மின்னின.

"இது யாரோடது?"

"இன்னிக்கு மத்தியானம்தான் ஒருத்தர் தேய்க்கக் குடுத்தார். திங்கக்கிழமைதான் வருவார். நீங்க கறை மட்டும் பண்ணிடாதீங்க."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது இரண்டாவது சிக்கல். அந்தக் கட்டம் போட்ட சோபாவில் பட்டுச் சட்டையோடு உட்கார்ந்தால், யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன பொம்மை மாதிரி இருந்தது.

"உறையக் கழட்டிடலாம்" என்றாள் மனைவி. கழற்றினால் உள்ளே பஞ்சு எட்டிப் பார்த்தது. திரும்ப மாட்டினார்கள்.

"திரையையாவது எடுங்க" என்றாள் மகள். எடுத்தால் உடைந்த கண்ணாடிக்குப் பதில் நூலகர் ஒட்டியிருந்த அட்டை தெரிந்தது. அட்டையில் 'கிழிந்தவை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது, நூலகத்துப் புத்தகப் பெட்டியின் அட்டை. திரையைத் திரும்பத் தொங்கவிடும்போது கம்பி கழன்று அவர் தோளில் விழுந்தது, தோள் தையல் விட்டது. மனைவி ஊசியை எடுத்து ஓடி வருவதற்குள் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்த நூலகர் அப்படியே நின்றுவிட்டார்.

மரச்சாமான் முதலாளியின் உடம்பில் இளநீலத்தில் சாம்பல் கட்டம்.

வயிற்றுப் பக்கம் பொத்தான்கள் மூச்சுத் திணறினாலும் அது அதே துணிதான். பின்னால் அவர் மனைவியும், கூச்சத்தோடு பையனும் நின்றார்கள்.

"வாங்க, வாங்க. இந்தத் துணி..." நூலகர் அந்தச் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பவும் இதுதாங்க. எளிமைதான் நமக்குப் பிடிக்கும்" என்ற முதலாளி, நூலகரின் சட்டையைப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, உங்ககிட்டயும் இதே மாதிரி பட்டுச் சட்டை..." என்று ஆரம்பித்த அவர் மனைவி, "ஸ்ஸ்" என்று காலை இழுத்துக்கொண்டாள். முதலாளி அவள் காலை மிதித்தபடியே புன்னகைத்தார்.

உட்காரச் சொன்னார்கள். முதலாளி சோபாவில் சாய்ந்ததும் தலையும் கைகளும் மட்டும் மிஞ்சின. நூலகரின் மனைவி தண்ணீர் டம்ளரை அவருக்குப் பக்கத்தில் இருந்த தலையணைக்கு நீட்டினாள்.

முதலாளியின் மனைவிதான் தொடங்கினாள்.

"உங்க வீட்டப் பத்தி எங்க பையன் நிறையச் சொல்லியிருக்கான். பகட்டே பிடிக்காது, ரொம்பக் கொள்கையான மனுஷர்னு. நாங்களும் பயந்துட்டேதான் வந்தோம்."

சொல்லிக்கொண்டே அவள் பார்வை தங்கப் பொத்தான்களில் போய் நின்றது. மகள் முகம் வெளுத்தது. நூலகருக்கு விஷயம் உறைத்தது. எளிமையைத் தேடி வந்தவர்களுக்கு முன்னால் பட்டுடுத்தி உட்கார்ந்திருப்பது, ஊருக்கே வழிகாட்டிய அவர்தான். இதனாலேயே பெண்ணின் வாழ்க்கை கெட்டால்?

"ஒரு நிமிஷம்" என்று உள்ளே ஓடினார். அலமாரியைத் திறந்தார். ஒரு நீலச் சட்டைகூட இல்லை. நேற்றுப் போட்டிருந்தது வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

"மீதி நாலு எங்க?" என்று கிசுகிசுத்தார்.

"கடையிலதான். எப்பவும் நாலு அங்கதானே கெடக்கு" என்றாள் பின்னாலேயே வந்த மனைவி. "கேட்டா, பொறுமையா தேய்க்கறேன்னு சொல்றா."

நூலகர் ஒரு முடிவோடு கூடத்துக்குத் திரும்பினார். உட்காரவில்லை.

"உங்ககிட்ட மறைக்க விரும்பல. இது என் சட்டை இல்ல. இரவல். யாரோடதுன்னுகூடத் தெரியாது. என்கிட்ட இருக்கறது எல்லாம் நீங்க போட்டிருக்கீங்களே, அந்தச் சட்டைதான். பொண்ணு கேட்டான்னு ஒரு நாள் என் கொள்கையக் கழட்டி வெச்சேன். அவ மேல தப்பில்ல. என்னை எப்படி வேணா நெனச்சுக்கோங்க, அவள நல்லா வெச்சுக்கோங்க."

மகள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர்தாங்க எங்கப்பா" என்றாள். அவள் அதை அவ்வளவு பெருமையாகச் சொல்லி அவர் கேட்டதில்லை.

முதலாளி சோபாவிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்து, மனைவியைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"சம்பந்தி, எனக்குச் சம்மதம். இவ்வளவு நேர்மையான மனுஷரை நான் பாத்ததில்ல. நான் வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று நூலகர் அவரைக் கட்டிக்கொண்டார். "உங்க சட்டையே எல்லாம் சொல்லுது. வரி ஆபீஸ்ல பாத்தேன், பேங்க்ல பாத்தேன், இன்னிக்கு என் வீட்டுக்குள்ளயே பாத்துட்டேன். ஒரு தனி மனுஷன் ஒழுங்கா வாழ்ந்தா போதும், ஊரே மாறும்."

அந்த அணைப்பில் முதலாளியின் பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. அது போய் நின்ற இடத்தில், திறந்திருந்த கதவருகே, சலவைக்கடை அக்கா மூச்சு வாங்க நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து பொத்தானைப் பொறுக்கினாள்.

"பேசி முடிச்சாச்சுன்னா சீக்கிரம் கழட்டிக் குடுங்க முதலாளி, ஓட்டுக் கேக்கப் போறவர் கீழ பனியனோட நிக்கறார், இருக்கறது நம்ம சாரோட அஞ்சு சட்டை, அத என்கிட்ட வாடகைக்கு எடுத்துத்தான் இந்த ஏரியால அத்தன பேரும் எளிமையா இருந்தாகணும்."